கிறிஸ்துமஸுக்கு ஏன் கொடுக்கிறார்கள்?

"பண்டிகை நாள், நாலு பேருக்கு நல்லது செய்வோமே." கிறிஸ்துமஸ் சமயத்தில் ஏழைகளுக்குச் சேலையும் சாப்பாடும் கொடுக்கிறவர்களிடம் காரணம் கேட்டால் அநேகமாக இந்தப் பதில்தான் வரும். தவறான பதில் இல்லை. ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும்கூட இதையே சொல்லலாம். கிறிஸ்துமஸுக்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது. கிறிஸ்தவர்களிலேயே பலர் அதை யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்பா அம்மா செய்தார்கள், நாமும் செய்கிறோம் என்று போய்விடுவார்கள். புதிதாகக் கேட்கிறவருக்கும் அது புரியவேண்டுமென்றால் இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தை விட்டுவிட்டு ஒரு வசூல் கடிதத்திலிருந்து தொடங்குவது நல்லது.

கி.பி. 50களின் நடுவில், இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல் எழுதிய கடிதம் அது. எருசலேமில் இருந்த கிறிஸ்தவர்கள் வறுமையில் இருந்தார்கள். அவர்களுக்காகப் பவுல் ஊர் ஊராகப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். கிரேக்க நாட்டுக் கொரிந்து, வியாபாரம் செழித்த துறைமுகப் பட்டணம். அங்கிருந்த சபையார் போன வருடமே தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பணம்தான் வந்து சேரவில்லை. பவுல் முதலில் மக்கெதோனியாக்காரர்களைக் காட்டுகிறார்: அவர்களே கஷ்டத்தில் இருக்கிறார்கள், ஆனாலும் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள். (பக்கத்து ஊரைக் காட்டி ரோஷமூட்டி வசூலிப்பது அன்றைக்கே இருந்திருக்கிறது.) அதற்குப் பிறகுதான் உண்மையான காரணத்தைச் சொல்கிறார். இயேசு "ஐசுவரியமுள்ளவராயிருந்தும்", நீங்கள் ஐசுவரியவான்களாகும்படி "உங்கள்நிமித்தம் தரித்திரரானாரே" என்கிறார்.

மேய்ப்பர்களும் நட்சத்திரமும் தேவதூதர்களும் இல்லாமல் ஒரே வரியில் சொல்லப்பட்ட கிறிஸ்துமஸ் கதை இதுதான். அதை அவர் ஒரு பிரசங்கத்தின் உச்சியில் வைக்கவில்லை, பணம் கொடுங்கள் என்று கேட்கிற இடத்தில் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பவுலின் கணக்கில் கடவுள் மனிதனாகப் பிறந்ததும் நீ பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பதும் தனித்தனி விஷயங்கள் இல்லை. ஒன்றை நம்பினால் மற்றதைச் செய்தாக வேண்டும்.

எதை நம்புகிறார்கள்?

கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுத்தூண் ஒன்று: கடவுள் மனித உடலெடுத்து மனிதர்களுக்கு நடுவில் வந்து வாழ்ந்தார். யோவான் நற்செய்தி இதை "அந்த வார்த்தை மாம்சமாகி... நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்கிறது. லூக்கா அதையே கதையாகச் சொல்கிறார். ரோமப் பேரரசர் அகுஸ்து குடிமதிப்பு எழுத உத்தரவு போடுகிறார். நாசரேத்தில் இருந்த யோசேப்பும் நிறைமாத கர்ப்பிணியான மரியாளும் பெத்லகேமுக்குப் போகிறார்கள். சத்திரத்தில் இடமில்லை. பிள்ளை பிறக்கிறது, துணியில் சுற்றி, மாடு தீனி தின்கிற முன்னணையில் கிடத்துகிறாள் தாய். சேதி முதலில் போவது அரண்மனைக்கு இல்லை, ராத்திரியில் வயல்வெளியில் மந்தை காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு. மத்தேயுவைப் படித்தால் இன்னும் ஒன்று தெரியும்: ஏரோது ராஜாவுக்குப் பயந்து அந்தக் குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறது. வீட்டில் பொம்மைகளோடு நாம் அழகாக அடுக்கிவைக்கிற கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் இடம் கிடைக்காத ஒரு பிரசவமும் ஓர் அகதிப் பயணமும் இருக்கின்றன.

இந்தக் கதையில் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்று, கடவுள் முந்திக்கொண்டு கொடுத்தார். வாங்குகிறவனுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இரண்டு, தூரத்திலிருந்து அனுப்பாமல் தானே வந்தார்.

முதல் விஷயம் நம் ஊர் மொய்க்கு நேர் எதிர். கல்யாண வீட்டில் நோட்டுப் போட்டு எழுதுகிறோம். இன்னார், இன்ன ஊர், ஐந்நூற்று ஒன்று. அவர் வீட்டு விசேஷத்துக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்து, கொஞ்சம் கூட்டிப் போட்டுத் திருப்பிச் செய்கிறோம். நல்ல ஏற்பாடுதான், எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் மொய் செய்ய ஒரு தகுதி வேண்டும்: திருப்பிச் செய்ய வசதி இருக்க வேண்டும். அது இல்லாதவன் பெயர் நோட்டில் ஏறாது. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு இந்த இடத்திலேயே கை வைக்கிறார். விருந்து வைத்தால் சிநேகிதரையும் சொந்தக்காரரையும் பணக்காரப் பக்கத்து வீட்டாரையும் கூப்பிடாதே, அவர்கள் உன்னைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள். ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் கூப்பிடு, அவர்களால் பதில் செய்ய முடியாது என்கிறார். வறியவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் அளந்து கொடுத்து அளந்து வாங்குகிற வகை என்று வள்ளுவரும் சொல்லியிருப்பதால் தமிழருக்கு இது புரியாத சேதி இல்லை. கிறிஸ்தவர் கூடுதலாகச் சொல்வது ஒன்றுதான்: நானே திருப்பிச் செய்ய முடியாத ஒன்றை வாங்கியவன், அதனால் கொடுக்கிறேன்.

புண்ணியம் சேர்க்கத்தானே இதெல்லாம் என்று சிலர் கேட்பார்கள். இல்லை. நற்செயலால் மீட்பை விலைக்கு வாங்க முடியாது என்பதில் கத்தோலிக்கரும் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையாரும் இன்று ஒத்துப்போகிறார்கள். செயல் எங்கே பொருந்துகிறது என்பதில் அவர்களுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை நடந்தது. அதற்குள் இப்போது போக வேண்டாம். யாக்கோபு எழுதிய கடிதத்தில் ஒரு நறுக்கான கேள்வி உண்டு: உடுக்கத் துணியும் அன்றாடச் சாப்பாடும் இல்லாதவனைப் பார்த்து, "சமாதானமாய்ப் போ, குளிர்காய்ந்து பசியாறு" என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம்? டிசம்பர் 25 காலையில் மணி ஓசையும் மின்னும் நட்சத்திரமுமாக வாட்ஸ்அப்பில் வந்து குவிகிற வாழ்த்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாக்கோபுதான் ஞாபகம் வருவார்.

பண்டிகையைவிடப் பழைய பழக்கம்

கிறிஸ்துமஸ் கொண்டாட ஆரம்பித்த பிறகு வந்த பழக்கம் இல்லை இது. முதல் மூன்று நூற்றாண்டுகளில் இயேசுவின் பிறந்தநாளைக் கொண்டாடியதற்குத் தெளிவான சான்று இல்லை. ரோமில் டிசம்பர் 25 என்று குறித்த மிகப் பழைய பதிவு 354ஆம் ஆண்டின் ஒரு நாட்காட்டித் தொகுப்பில் கிடைக்கிறது. அதிலுள்ள பட்டியல் 336ஐச் சேர்ந்தது என்பார்கள். ஆனால் அதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முன்பே, கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது வசதியுள்ளவர்கள் கொடுத்ததை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களுக்கும் செலவழித்தார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தின் எழுதிவைத்திருக்கிறார். 360களில் ஆட்சி செய்த ஜூலியன் பேரரசருக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. பழைய தெய்வ வழிபாட்டைத் திரும்ப நிலைநாட்டப் பார்த்தவர். அவரே தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்கள், நமக்கு வெட்கமாக இருக்கிறது என்று புலம்புகிறார். வேண்டாதவர் கொடுத்த சாட்சி என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் ஐந்தாம் நூற்றாண்டில் ரோமில் ஆயராக (பிஷப்) இருந்த பெரிய லியோ. டிசம்பர் மாத நோன்பைப் பற்றிப் பேசும்போது, நோன்பிருப்பவன் சாப்பிடாமல் விட்டது ஏழைக்குச் சாப்பாடு ஆகட்டும் என்றார். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. மீந்ததைக் கொடுப்பது ஒரு வகை. என் இலையிலிருந்து குறைத்துக் கொடுப்பது இன்னொரு வகை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் முன்பெல்லாம் பல இடங்களில் நோன்புக் காலமாக இருந்தது. இன்று அது கேக் முன்பதிவுக் காலமாகிவிட்டது. மாறட்டும், ஆனால் அந்தக் கணக்கு நல்ல கணக்கு.

வீடுகளில் குடில் வைக்கும் வழக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறவர் அசிசி நகர் பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில், வைக்கோல் பரப்பி, நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, பெத்லகேம் எப்படி இருந்திருக்கும் என்று ஊர்மக்களுக்குக் காட்டினார். பலருக்குத் தெரிந்த கதை. அவரைப் பற்றித் தொமாசு செலானோ எழுதிய வரலாற்றில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று பணக்காரர்கள் ஏழைகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீனி வைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாராம். பேரரசரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், வழியெல்லாம் பறவைகளுக்கு, அதிலும் முக்கியமாக வானம்பாடிகளுக்கு, தானியம் தூவச் சொல்லிச் சட்டம் போடக் கேட்பேன் என்றாராம். கிறிஸ்துமஸ் கறி தவிர்க்கிற நாளான வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டதே, கறி சாப்பிடலாமா என்று ஒரு சகோதரர் கேட்டபோது, இன்றைக்குச் சுவர்கள்கூடக் கறி சாப்பிட வேண்டும், முடியாவிட்டால் மேலே பூசியாவது விட வேண்டும் என்று பதில் சொன்னதாகவும் வருகிறது. ஏழையாகவே வாழ்ந்த மனிதர் பேசுகிற பேச்சு இது. அன்று யாருமே, எதுவுமே பட்டினி கிடக்கக் கூடாது என்கிற பிடிவாதம்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலமும் இப்படித்தான். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரத்தின் ஆயர் நிக்கோலாஸ். வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டு ஜன்னல் வழியாக, யாருக்கும் தெரியாமல் இரவில் பொற்காசு முடிச்சுகளைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. பெயர் தெரியக் கூடாது என்பதற்காக ராத்திரியில் போனவருடைய வேஷத்தைப் போட்டுக்கொண்டு, கொடுக்கிறவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேனருக்குக் கீழே பரிசு கொடுப்பது ஒரு வேடிக்கை.

தானே போவது

இரண்டாவது விஷயம் என்று சொன்னேனே, கடவுள் அனுப்பாமல் வந்தார் என்பது. கொடுப்பதைவிட இதுதான் கஷ்டமானது என்று நினைக்கிறேன். அதற்கு நல்ல உதாரணம் வின்சென்ட் தே பவுல் சபை. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஒசானம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று விவாத மேடையில் சிலர் மடக்கினார்கள். அந்தக் கேள்வி தைத்ததில் பிறந்த சபை. இன்று தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகள் (ஊர்ச் சபைகள்) பலவற்றிலும் இருக்கிறது. இவர்களுடைய அடிப்படை வேலை வீடு சந்திப்பு. உறுப்பினர்கள் இருவர் இருவராக ஏழை வீட்டுக்குப் போவார்கள். வாசலில் நின்று பையை நீட்டிவிட்டு வருவது கணக்கில் சேராது. உள்ளே போய், போட்ட பாயில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்க வேண்டும். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா, ரேஷன் கார்டில் பெயர் ஏறிவிட்டதா, பையனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று பேச்சு போகும். அந்த வீட்டம்மா போடுகிற டீயை மறுக்காமல் குடிப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான். அந்தக் கால்மணி நேரம் அவர் வாங்குகிறவராக மட்டும் இல்லாமல் கொடுக்கிறவராகவும் இருக்கிறார்.

மத்தேயு 25ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி போகிறது. கடைசி நியாயத்தீர்ப்பில் ராஜா சொல்கிறார்: "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்... அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்." எப்போது ஆண்டவரே என்று அவர்கள் விழிக்கிறார்கள். மிகவும் சிறியவரான இவர்களில் ஒருவனுக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்பது பதில். செய்தவர்களுக்கே தாங்கள் யாருக்குச் செய்தோம் என்று தெரியவில்லை. அப்படியென்றால் ஏழை வீட்டுக்குப் போகிற கிறிஸ்தவர் இயேசுவை அங்கே கொண்டுபோகிறேன் என்று நினைத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார், நான் பார்க்கப் போகிறேன் என்பதே இந்தப் பகுதியின் கணக்கு.

இந்த இடத்தில், மதம் மாற்றத்தானே இதெல்லாம் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. உதவியைத் தூண்டில் புழுவாகப் போடுகிறவர்கள் எங்காவது இருந்தால், அவர்கள் தங்கள் வேதத்தையே மீறுகிறார்கள். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்பது இயேசு சீஷர்களுக்குச் சொன்னது. நல்ல சமாரியன் கதையிலும், அடிபட்டுக் கிடந்த யூதனைத் தூக்கிக் காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணம் கொடுத்துவிட்டுப் போகிற சமாரியன், போகும்போது எதையும் கேட்கவில்லை. யூதரும் சமாரியரும் வழிபாட்டு விஷயத்தில் ஒருவரையொருவர் ஏற்காதவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கதையின் காரம் தெரியும்.

நம் ஊரில்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, அதிரசம். பண்டிகையன்று தட்டுத் தட்டாகப் பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குப் போகும். தீபாவளிக்கு அங்கிருந்து வந்த தட்டுதான் இப்போது திரும்பிப் போகிறது, வெறும் தட்டாகத் திருப்புகிற வழக்கம் கிடையாது. கறாராகப் பார்த்தால் இதுவும் மொய்க் கணக்குதான். ஆனாலும் இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள்கூட, பிள்ளைகள் கையில் தட்டைக் கொடுத்து அனுப்பிப் பேச்சைத் திரும்ப ஆரம்பிக்கிற நாள் அது.

இரவில் கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்கள் வீடு வீடாகப் பாடி, காணிக்கை வாங்குவார்கள். பல சபைகளில் அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஏழைகளுக்குத் துணி எடுக்கப் போகும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் விதவைகளுக்குச் சேலையும் அரிசியும் கொடுப்பார்கள். இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆராதனை முடிந்ததும் பெயர் கூப்பிட்டு, வயதான பெண்களை வரிசையாக முன்னால் வரவழைத்து, ஒரு கை சேலையில் இருக்க மறு கை கேமராவைப் பார்க்க நிற்கவைப்பது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று வாசித்துவிட்டு வந்த அதே ஆலயத்தில்தான் இது நடக்கும். கணக்குக் காட்ட வேண்டுமே என்பார்கள். கணக்குக் காட்ட ரசீது போதும். சேலையை முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த அம்மா அதைக் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு சமமாகப் பெஞ்சில் உட்காரலாம்.

யாருக்குச் செய்வது என்பதிலும் நம் கண் பழகிய இடங்களுக்கே போகிறது. அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் பண்டிகை கிடையாது, சட்டி வைக்க மாட்டார்கள், நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். தெருவே ஜொலிக்கும்போது அந்த ஒரு வாசல் மட்டும் இருட்டாக இருக்கும். துக்க வீட்டுக்கு எப்படிப் போவது என்று தயங்கிக் கடந்துபோகிறோம். கிறிஸ்துமஸ் யாருக்காவது வேண்டியிருக்கிறது என்றால் முதலில் அவர்களுக்குத்தான். அப்புறம் கட்டட வேலைக்கும் பின்னலாடைக் கம்பெனிகளுக்கும் வந்திருக்கிற ஜார்க்கண்ட், ஒடிசா தொழிலாளர்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஊருக்குப் போக டிக்கெட்டும் லீவும் கிடைக்காமல் தகர ஷெட்டில் கிறிஸ்துமஸைக் கழிப்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட முடியும். போலந்து நாட்டில் கிறிஸ்துமஸ் முந்தின நாள் இரவு விருந்தில், எதிர்பாராமல் வருகிறவருக்கென்று ஒரு தட்டும் நாற்காலியும் கூடுதலாகப் போட்டுவைப்பது மரபு. நம் வீட்டில் நாற்காலிக்கு எங்கே போவது என்றால், இலை ஒன்று கூடுதலாகப் போட்டால் ஆயிற்று.

இல்லங்களுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பர் 24, 25, 26 மூன்று நாளும் ஆதரவற்றோர் இல்லங்களிலும் முதியோர் இல்லங்களிலும் பிரியாணியும் கேக்கும் குவிந்துவிடும். மதியம் ஒரு குழு, மூன்று மணிக்கு இன்னொரு குழு. வருகிறவர்கள் மனம் கோணக் கூடாதென்று பிள்ளைகள் பசியில்லாமலே சாப்பிட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, போட்டோவுக்கு நின்றுகொண்டு இருப்பார்கள். பிப்ரவரியில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதனால் முதலில் இல்லத்துக்கு ஃபோன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். அரிசியும் எண்ணெயும் சொல்வார்கள். சோப்பு, நாப்கின், பெரியவர்களுக்கான டயப்பர், இரவில் ஆள் அனுப்ப ஆட்டோக் கட்டணம் என்று நாம் யோசிக்காததையும் சொல்வார்கள். எந்த நாள் வரட்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். திருச்சபை நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் 25ஆம் தேதியோடு முடிவதில்லை, ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் போகிறது. அந்த நாட்களில் ஒன்றைச் சொன்னால் அப்போது போகலாம். மார்ச் மாதம் என்று சொன்னால் மார்ச்சில் போகலாம்.